மனுப் போடாத விதானை

எங்கள் ஊருக்கு விதானையாக இருந்த என் வாப்பா மௌத்தான வருஷம், அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வி ஊரில் எழுவதற்கு முன்னரே எங்கள் குடும்பத்துக்குள் எழுந்துவிட்டது. ஒரு பக்கம் என்னோடு கூடப் பிறந்த ஒரே அண்ணன், எங்கள் வழக்கில் காக்கா. மற்றப் பக்கம் என் புருஷன். நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் முசலிப் பக்கம். அரிப்புக் கடற்கரையில் கத்தோலிக்கச் சனங்களின் மீன்வாடிகள் முடிகிற இடத்திலிருந்து உள்ளுக்கு நடந்தால் உடைமரக் காடு, பிறகு குளம், குளத்துக்குக் கீழே எங்கள் வயல்கள். வெள்ளைக்காரரின் காலம். மன்னாரில் துரை ஒருவர் இருந்து எங்கள் எல்லாரையும் ஆண்டார். அவருடைய கந்தோரை, அதாவது அலுவலகத்தை, கச்சேரி என்று சொல்வோம். கச்சேரிக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற ஆள்தான் விதானை. களவு, சண்டை என்றால் முதலில் அவரிடம் போவார்கள். அரசாங்கக் காட்டில் யாராவது மரம் தறித்தால் கச்சேரிக்கு அறிவிக்க வேண்டியதும் அவர்தான்.

வாப்பா எப்படி விதானை ஆனார் என்றால், அவருடைய வாப்பா விதானையாக இருந்தார், அவ்வளவுதான். அவரைக் கெட்ட விதானை என்று ஒருவரும் சொல்லவில்லை. நல்ல விதானை என்றும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. துரை வருகிறார் என்று கேள்விப்பட்டால் வாப்பாவுக்குச் சோறு இறங்காது. இரண்டு வீட்டுக்காரர் சண்டை பிடித்துக்கொண்டு வந்தால், "நாளைக்கு வாங்கோ" என்று அனுப்பிவிடுவார். நாளைக்குள் கோபம் ஆறிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. பாதி நேரம் அது சரியாகவும் இருந்தது.

காக்கா வேறு மாதிரி. எங்கள் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளில் யாழ்ப்பாணத்துக்குப் போய் விடுதியில் நின்று இங்கிலீசு படித்தவர் அந்த நாளில் அவர் ஒருவர்தான். சோதனை பாஸ் பண்ணி, அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். உம்மா அதை அலுமாரிக்கு மேலே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தா. பிறகு காக்கா மன்னார்ப் பட்டினத்தில் வழக்குப் பார்க்கிற ஒரு புறக்கிராசியாரின் கந்தோரில் எழுத்து வேலைக்கு இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வருவார்.

என் புருஷன் என் மாமியின் மகன். வயலும் எருமை மாடும்தான் அவருக்குத் தெரிந்த தொழில். குர்ஆன் ஓதுவார், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ்க் கிதாபுகளை எழுத்துக்கூட்டி வாசிப்பார். கச்சேரித் தமிழ் எழுத வராது. ஆனால் அவர் மேல் ஊருக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கச்சான் காற்று வீசின ஒரு காலத்தில் கத்தோலிக்க ஆட்களின் வள்ளமொன்று உடைந்து, அதன் பலகைகளும் வலையும் எங்கள் பக்கக் கரையில் ஒதுங்கின. எங்கள் இளந்தாரிகள் அவற்றை இழுத்துக்கொண்டு போனார்கள். கடல் தந்தது கண்டவனுக்கு என்று நியாயமும் சொன்னார்கள். வாப்பா வழக்கம்போல நாளைக்கு வாங்கோ என்றார். என் புருஷன் வண்டிலைப் பூட்டி வீடு வீடாகப் போய், ஒரு சண்டையும் இல்லாமல் பலகைகளைத் திருப்பி வாங்கி, வள்ளக்காரரின் வாடி வாசலில் இறக்கிவிட்டு வந்தார். என்ன சொல்லிக் கேட்டார் என்று பிறகு கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. வண்டிலோட வாசலில நிண்டனான். அவங்களே கொண்டுவந்து போட்டாங்கள்" என்றார். அதன் பிறகு இரண்டு ஊர்ச் சனமும் தங்கள் பிணக்குகளை அவரிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். வாப்பாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு கச்சேரியிலிருந்து அறிவித்தல் வந்தது. விதானை வேலை காலி, விரும்புகிறவர்கள் மனுப் போடலாம், துரை நேரில் வந்து ஆளைத் தெரிவுசெய்வார் என்று. காக்கா அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"மச்சான், நான் போடப்போறன். வாப்பாட மகன் எண்டதுக்காக இல்லை. அப்பிடித் தந்தால் எனக்கு வேண்டாம். படிச்சவன், பாஸ் பண்ணினவன் எண்டு தரவேணும்."

"நல்லது, போடுங்கோ" என்றார் என் புருஷன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்று சொல்கிற ஆள் அவர் இல்லை. உண்மையாகவே நல்லது என்றுதான் நினைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னுக்குப் பள்ளிவாசல் லெப்பை. எங்கள் ஊரில் தொழுவித்து, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவர் அவர். காக்காவும் வந்து இருந்தார். நான் சீலை போட்ட வாசலுக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் நின்றேன். ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டது.

லெப்பைதான் தொடங்கினார். "விதானை வேலை பரம்பரைச் சொத்தில்லை. நபி நாயகம் வபாத்தான பிறகு முதலாம் கலீபாவாக வந்தவர் மகனுமில்லை, பேரனுமில்லை. கூடியிருந்த சனம் கைகொடுத்துத்தான் அவரை ஏற்றுக்கொண்டது. நான் பிழை விட்டால் என்னைத் திருத்துங்கோ எண்டு அவர் அண்டைக்கே சனத்திட்டச் சொன்னவர். இரண்டாம் கலீபா மௌத்துப் படுக்கையில, அடுத்தவரைத் தெரிவுசெய்ய ஆறு பேரை வைச்சார். தன்ர மகன் யோசனை சொல்லலாம், பதவிக்கு வரக்கூடாது எண்டு மறிச்சுப்போட்டார்."

காக்கா சிரித்தார். "அதைத்தானே நானும் சொல்லுறன், லெப்பை. மகன் எண்டு பாராமல் தகுதியைப் பார்த்தவை. இங்கிலீசுக்காரனும் இப்ப அதைத்தான் செய்யிறான். முந்தி அங்கேயும் ஆரின்ரயோ மருமகன், ஆரின்ரயோ சிநேகிதன் எண்டுதான் உத்தியோகம் குடுத்தவங்கள். இப்ப சோதனை வைக்கிறாங்கள். பாஸ் பண்ணினவனுக்கு வேலை. ஏழை, பணக்காரன் எண்டு அந்தத் தாளுக்குத் தெரியாது."

"தாளுக்குத் தெரியாது, சரி. தாளை ஆர் எழுதினது? என்ன கேக்கவேணும் எண்டு ஆர் தீர்மானிச்சது?" என்று கேட்டார் லெப்பை. "அந்தக் காலத்தில ஒரு ஆளின்ர தகுதியைச் சொன்னது அவரோட கூட இருந்து, கூடப் பிரயாணம் போய், குடுக்கல் வாங்கல் செய்த ஆக்கள். அவை விழிச்சுக்கொண்டும் இருந்தவை. இரண்டாம் கலீபா பிரசங்கத்துக்கு மிம்பர்ப் படியில ஏறி நிக்கேக்க, எங்களுக்குப் பங்கு வந்த துணி ஒரு சட்டைக்குக் காணாது, உங்களுக்கு எப்பிடிக் காணுது எண்டு ஒருத்தர் எழும்பிக் கேட்டவர். மகன் எழும்பி, என்ர பங்கைத்தான் வாப்பாவுக்குக் குடுத்தனான் எண்டு சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சைக் கேட்டவை. உங்கட துரையிட்ட அப்பிடிக் கேக்கேலுமோ?"

காக்கா முன்னுக்குச் சரிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் எதிராளியின் வார்த்தையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். படிப்பால் வந்த பழக்கமா பிறவிக் குணமா தெரியாது.

"ஏலாது" என்றார். "அது எனக்கும் தெரியும். ஆனால் லெப்பை, அந்த ஆட்சி எவ்வளவு காலம் நிண்டது? நாலு கலீபாக்களில மூண்டு பேரைக் கொலை செய்துபோட்டாங்கள். பிறகு வாப்பாவுக்குப் பிறகு மகன் எண்டு அரசாட்சியாப் போச்சு. ஏன்? எல்லாம் அந்த ஆக்களின்ர நல்ல குணத்தில தங்கி நிண்டது. ஆள் போக ஆட்சியும் போச்சு. சட்டமும் சோதனையும் அப்பிடியில்லை. நல்லவன் வந்தாலும் நடக்கும், சுமாரானவன் வந்தாலும் நடக்கும்."

"நல்லவன் இல்லாமல் நல்ல ஆட்சி நடக்குமோ?"

"நல்லவன் கிடைக்காத நாளிலும் சனம் சீவிக்கத்தானே வேணும்."

அடுப்படியில் நின்ற எனக்கு இரண்டு பேரும் சரி என்றுதான் பட்டது. அந்தக் கிதாபுக் கதைகளை நானும் வாசித்திருக்கிறேன். உம்மா எனக்கு அரபுத் தமிழ் எழுத்தும், காக்கா விடுமுறைகளில் மற்றத் தமிழ் எழுத்தும் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த ஆட்சியின் நீதியை வாசிக்கும்போது நெஞ்சு நிறையும். கொலைகள் வரும் பக்கங்களை விரைவாகப் புரட்டிவிடுவேன். காக்கா புரட்டவில்லை, நின்று யோசித்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது.

அதற்குப் பிறகுதான் லெப்பை வந்த காரியத்தைச் சொன்னார். என் புருஷனின் பக்கம் திரும்பி, "ஊர் உம்மைத்தான் கேக்குது. நீர் ஒரு மனுப் போடும்" என்றார்.

சீலை இடுக்கால் காக்காவின் முகம் தெரிந்தது. அவர் இதை எதிர்பார்க்கவில்லை. தன் மனுவுக்கு ஆதரவு கேட்க இந்த ஆட்களைத் தேடிப் போக அவர் நினைத்திருந்தார் போலும்.

"நான் மனுப் போடமாட்டன்" என்றார் என் புருஷன்.

"மச்சானுக்காகவோ?"

"இல்லை. எங்கட மார்க்கத்தில பதவியைக் கேட்டு வாறவனுக்குக் குடுக்கக்கூடாது எண்டு நீங்கள்தான் ஓதித் தந்தனீங்கள். ஆக்களை ஆளுற வேலை பாரம். அதை எனக்குத் தாங்கோ எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?"

"வேலை வேண்டாம் எண்டு சொல்லுறீரோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை. கேக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான். ஊர் சுமத்தினால் இறக்கியும் வைக்கமாட்டன்."

காக்கா எழும்பினார். "கேளாமல் இருந்தால் துரைக்கு எப்பிடி மச்சான் தெரியும்? அவன் மன்னாரில இருக்கிறான்" என்றார். கோபமாக இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.

துரை வந்தது குளத்துத் தண்ணி வற்றத் தொடங்கின மாதத்தில். குளக்கட்டுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தார்கள். ஊரிலிருந்த ஆம்பிளைகள் எல்லாரும் போய் நின்றார்கள். நாங்கள் பெண்கள் கொஞ்சம் தள்ளி, கட்டின் மறுபக்கத்தில் குடங்களோடு நின்றோம். தண்ணி அள்ள வந்ததாகப் பேர்.

துரை இளம் வயது. வந்து கொஞ்ச நாள்தான். தமிழ் இன்னும் சரியாக வராது. பக்கத்தில் மொழிபெயர்க்கக் கச்சேரி உத்தியோகத்தரான ஒரு முதலியார், தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக நின்றார். மனுப் போட்டவர்கள் முன்னுக்கு வரட்டும் என்று முதலியார் கூப்பிட்டார். காக்காவும், பக்கத்துக் குறிச்சியிலிருந்து ஒரு வியாபாரியும் போய் நின்றார்கள். காக்கா வெள்ளைச் சாரமும் கோட்டும் உடுத்திருந்தார். நல்ல வடிவாக இருந்தார்.

"உங்களுக்கு விருப்பமானவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள்" என்றார் முதலியார்.

சனம் அசையவில்லை. வியாபாரிக்குப் பின்னால் அவருடைய குறிச்சி ஆட்கள் போனார்கள். காக்காவுக்குப் பின்னால் உம்மாவின் வழியில் சில பேர். மிச்ச ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது லெப்பை திரும்பி, கூட்டத்தின் கடைசியில் நின்ற என் புருஷனிடம் போய் அவருக்குப் பின்னால் நின்றார். அவர் பின்னால் மற்றவர்கள். என் புருஷன் வெட்கப்பட்டு ஒரு பக்கமாக விலகினார். கூட்டமும் விலகியது. அவர் மறுபடி விலக, மறுபடி கூட்டமும் நகர்ந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காக்காவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரை என்னவோ கேட்டார். முதலியார் என் புருஷனை முன்னுக்கு அழைத்து, "நீர் ஏன் மனுக் கொடுக்கவில்லை?" என்றார். இவர் வீட்டில் சொன்னதையே சொன்னார். கேட்டு வாங்கிறது சரியில்லை, சனம் தந்தால் மறுக்கமாட்டன் என்று. முதலியார் அதை ஒரு சிறு வாக்கியமாக இங்கிலீசில் சொன்னார். துரை தலையாட்டிவிட்டுக் காக்காவின் பக்கம் திரும்பினார்.

லெப்பைக்குப் பொறுக்கவில்லை. "துரையிட்டக் கேளுங்கோ, அவருக்குப் பின்னால ஆர் நிண்டு அவரை இஞ்ச அனுப்பினது எண்டு" என்றார். சனத்தில் பாதி திகைத்தது, பாதி சிரித்தது. என்ன சொல்கிறார் என்று துரை கேட்க, முதலியார் ஏதோ சொல்லிச் சமாளித்தார். துரை லெப்பையைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். ஸலாம் சொன்னதாக மொழிபெயர்த்திருப்பார் போல.

அப்போதுதான் காக்கா இரண்டு அடி முன்னுக்குப் போய், துரையோடு நேரே இங்கிலீசில் பேசத் தொடங்கினார். கொஞ்ச நேரமல்ல, நிறையப் பேசினார். கையால் என் புருஷனைக் காட்டினார், சனத்தைக் காட்டினார். முதலியாரின் முகம் கறுத்தது. துரை இடையில் கேள்விகள் கேட்டார். எங்களுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. என் பக்கத்தில் நின்ற பெண், "பாருங்கோ ராத்தா, உங்கட காக்கா வேலைக்காக எப்பிடிக் கெஞ்சுறார் எண்டு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மனம் கூசியது.

கடைசியில் துரை எழும்பி, என் புருஷனைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். என் புருஷன் விதானை ஆனார்.

காக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வருவதை நிறுத்தினார். உம்மா எனக்குப் பக்கத்து வளவில்தான் இருந்தா. என் வீட்டில் சாப்பிடமாட்டா, நான் அனுப்புகிற கறியைப் பிள்ளைகளிடம் திருப்பி அனுப்பிவிடுவா. "உன்ர புருஷன் கேக்காமல் இருந்துதான் கேட்டவர்" என்று ஒருநாள் சொன்னா. அந்தச் சொல்லில் கொஞ்சம் உண்மை இருக்கிறதோ என்று நான் நெடுநாள் யோசித்தேன். புருஷனிடமே கேட்டும்விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எனக்கும் அந்த யோசினை வந்தது" என்றார்.

கச்சேரிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகளை நான்தான் எழுதினேன். அவர் சொல்ல, நான் எழுத, அவர் கையெழுத்து வைப்பார். ஒருநாள் எழுதிக்கொண்டிருக்கும்போது, "இஞ்சருங்கோ, இரண்டாம் கலீபா ஒரு பெண்ணைச் சந்தை பாக்கிற வேலைக்கு வைச்சவர் எண்டு கிதாபில கிடக்கு. மெய்யோ?" என்று கேட்டேன். "சிலபேர் ஓம் எண்டு சொல்லுறவை, சிலபேர் இல்லையெண்டு சொல்லுறவை. லெப்பையிட்டக் கேட்டால் பிரச்சினை வரும். நீ எழுது" என்றார்.

முதல் இரண்டு வருஷமும் நன்றாகப் போனது. வீட்டு முன்னால் எந்த நேரமும் ஆட்கள். யாரையும் நாளைக்கு வரச் சொன்னதில்லை. வழக்கு மன்னாருக்குப் போவது குறைந்தது. கத்தோலிக்க ஆட்களும் வந்து இருந்து பேசிவிட்டு, போகும்போது மீன் தருவார்கள். அவர் வாங்கமாட்டார். எனக்குத்தான் கவலை, நல்ல ஓரா மீன்.

பிறகு மழை பொய்த்தது. குளத்தின் அடி தெரிந்தது. வயலில் ஒன்றும் இல்லை. சனம் காட்டுக்குள் போய்ச் சேனை வெட்டினார்கள். காட்டை எரித்துக் குரக்கன், பயறு விதைப்பது. அது அரசாங்கக் காடு. வெட்டினவர்களின் பேரைக் கச்சேரிக்கு எழுத வேண்டியது விதானையின் கடமை. காலையில் புகை எழும்பும், வாசலில் நின்று பார்ப்போம். யார் யார் வெட்டுகிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அறிக்கை எழுதும் நாளில் நான் தாளும் மையுமாக இருந்தேன். அவர் வாசலுக்குப் போய்ப் புகையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "காடு சம்பந்தமாக அறிவிக்க ஒன்றுமில்லை எண்டு எழுது" என்றார்.

நான் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"பசியில வெட்டுறாங்கள். அவங்கட பேரை எழுதிக் குடுத்துப்போட்டு நான் அவங்களோட ஒரே வரிசையில நிண்டு தொழேலுமோ?"

"பொய் எழுதிப்போட்டுத் தொழலாமோ?"

அந்த மாதம் அறிக்கையே போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. காட்டதிகாரிகள் தாங்களாக வந்து பார்த்தார்கள். மன்னாருக்கு வரச்சொல்லிக் கட்டளை வந்தது. போகும் முன், "இனி இது எனக்கு வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார். "கலீபாமார் அல்லாஹ்வுக்கும் சனத்துக்கும் பதில் சொன்னவை. எனக்கு நடுவில ஒரு துரை இருக்கிறான். சனம் ஒண்டைக் கேக்குது, துரை வேறொண்டைக் கேக்கிறான். எனக்கு ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியேல்லை." வருத்தத்தோடு சொன்னார். தன்னைப் பற்றி ஊர் வைத்திருந்த எண்ணம் பிழையாகிவிட்டதே என்ற வருத்தம். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

மன்னாரில் நடந்ததை அவர் திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். துரை மாறியிருந்தார். புதுத் துரை ஏசினார், பிறகு விலகல் கடிதத்தை ஏற்றுக்கொண்டார். வெளியே வந்தபோது பழைய முதலியார் விறாந்தையில் நின்றார். இவரைக் கண்டு, "அண்டைக்கு உங்கட மச்சானாலதான் உங்களுக்கு இந்த வேலையே கிடைச்சது" என்றாராம். இவருக்கு விளங்கவில்லை. முதலியார் சொன்னார்: "நீங்கள் சொன்னதை நான், இவருக்கு வேலை வேண்டாமாம் எண்டு சுருக்கிப்போட்டன். துரையும் உங்களை விட்டுட்டார். உங்கட மச்சான் முன்னுக்கு வந்து, இல்லை, அவர் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு என்னைத் திருத்தினவர். கேட்டு வாங்கக்கூடாது எண்டது இவங்கட மார்க்கத்தில ஒரு முறை, அந்த ஆள் வேண்டாமெண்டு சொல்லேல்லை, ஊருக்கு விருப்பமானவர் இவர்தான் எண்டு முழுக்க விளங்கப்படுத்தினவர். துரை, அப்ப உன்ர மனு எண்டு கேட்டார். என்ர மனு அப்பிடியே இருக்கட்டும், ஆனால் பிழையான மொழிபெயர்ப்பில நான் வேலை எடுக்கமாட்டன் எண்டு சொன்னவர். எனக்கு அண்டைக்குக் கோபம்தான். ஆனால் ஆள் ஆள்தான்."

என் புருஷன் கச்சேரி விறாந்தையிலிருந்து நேரே காக்கா தங்கியிருந்த வீட்டுக்கு நடந்தார். காக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இவர் வாசலில் நின்றபடியே, "மச்சான், நான் விட்டுட்டன். நீங்கள் மனுப் போடவேணும். நான் கேட்டு வந்திருக்கிறன்" என்றாராம்.

"ஊர் என்னைக் கேக்குதோ?" என்று காக்கா கேட்டார்.

"ஊர் கேக்கேல்லை. நான் கேக்கிறன். ஊருக்கு அண்டைக்கு நடந்தது தெரியாது."

"அதை நீங்கள் ஊருக்குச் சொல்லவேண்டாம். சொன்னால் இரக்கத்தில வந்து பின்னால நிப்பாங்கள். எனக்கு அது வேண்டாம்."

காக்கா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு இவரை உள்ளே கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார். இவர் வாக்குக் கொடுத்தபடி ஊருக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார். நான் அடுத்த நாள் காலையிலேயே போய் உம்மாவிடம் சொன்னேன். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உம்மா கேட்டுவிட்டு அழுதா. மத்தியானம் என் வீட்டில் வந்து சாப்பிட்டா.

புதுத் துரை ஒருவரையும் யாருக்குப் பின்னாலும் நிறுத்தவில்லை. பத்திரத்தைப் பார்த்தார், இங்கிலீசில் நாலு கேள்வி கேட்டார், காக்காவை நியமித்தார். ஊர் முகம் சுளித்தது. காக்கா அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. முதல் வேலையாகச் சேனைக் காட்டுக்குப் போய், என் புருஷனையும் கூட்டிக்கொண்டு, யார் எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள், எத்தனை வாய் சாப்பிட வேண்டும் என்று பார்த்து எழுதினார். பிறகு துரைக்கு இங்கிலீசில் எழுதினார். பஞ்ச காலத்தில் துரையின் அனுமதியோடு சேனை செய்யலாம் என்று அரசாங்கச் சட்டத்திலேயே இடம் இருந்ததாம். எங்களுக்கு அது தெரியாது. என் புருஷனுக்கும் தெரியாது, லெப்பைக்கும் தெரியாது. குளத்துக்கு மேற்கே ஒரு துண்டு காட்டுக்கு அனுமதி வந்தது. அந்த வருஷம் ஊர் குரக்கன் சாப்பிட்டது.

ஆனால் அனுமதிக்கு வெளியே வெட்டினவர்களின் பேரை அவர் எழுதினார். அதில் ஒன்று லெப்பையின் மகன். மற்றது எங்கள் சொந்தச் சிறிய தாயின் பிள்ளை. இரண்டு பேரும் தண்டம் கட்டினார்கள். லெப்பை அடுத்த பெருநாள் வரைக்கும் காக்காவோடு பேசவில்லை. பெருநாள் தொழுகைக்குப் பிறகு தானாகவே போய்க் கட்டித் தழுவினார். "உன்னோட இருந்தால் சுகமில்லை. ஆனால் நீ ஆளைப் பாக்கேல்லை, அது எனக்குத் தெரியும்" என்று சொன்னாராம். காக்காவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வாழ்க்கையில் கிடைத்திருக்குமா என்று தெரியாது.

என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனம் நொந்த ஆட்கள் காக்காவின் வீட்டு வாசலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். புருஷன் பெண்டாட்டி பிணக்கு, அண்ணன் தம்பி எல்லைச் சண்டை, மகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்ற துக்கம், எல்லாம் என் புருஷனிடம். கச்சேரிக் காரியமென்றால் காக்காவிடம். ஊர் தானாகவே அப்படி ஒழுங்குபடுத்திக்கொண்டது. ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. காக்காவே சில பேரை, "மச்சானிட்டப் போங்கோ" என்று அனுப்புவார். தன்னால் முடியாதது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் புருஷனுக்கும் ஒரு அடி பட்டு அது தெரிந்தது.

சில வருஷம் கழித்து இலங்கை முழுக்க எல்லாருக்கும் வாக்கு என்று சட்டம் வந்தது. படித்தவர், படியாதவர், ஆண், பெண் எல்லாருக்கும். காக்காவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "எழுத வாசிக்கத் தெரியாத ஆளுக்கும் வாக்கோ?" என்றார். என் புருஷனுக்கும் பிடிக்கவில்லை. வேட்பாளர்கள் வண்டியில் வந்து, எனக்குப் போடுங்கோ, எனக்குப் போடுங்கோ என்று வாய்விட்டுக் கேட்டதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று அவர்களுக்கு விளங்கவைக்க முயன்றேன். "என்னை ஆரும் சோதனைக்கு இருத்தேல்லை, ஆரும் என்ர பின்னால வந்து நிக்கவும் மாட்டினம். ஆனால் இப்ப என்னையும் ஒருத்தன் கேக்கிறான்" என்றேன். காக்கா சிரித்தார். என் புருஷன் சிரிக்கவில்லை. யோசித்தார்.

வாக்களிக்கும் இடத்துக்கு மாட்டு வண்டிலில் போனோம். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உம்மாவின் கையைப் பிடித்தபடி வரிசையில் நின்றேன். எங்களுக்கு முன்னால் கத்தோலிக்கப் பெண்கள் கழுத்தில் செபமாலையோடு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. உள்ளே ஒரு திரை. திரைக்குப் பின்னால் போனபோது ஒருவரும் இல்லை, நானும் பெட்டிகளும்தான். போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும் வழியில் காக்கா ஒரு பக்கத்திலும் என் புருஷன் மறுபக்கத்திலும் வண்டிலோடு நடந்து வந்தார்கள். எந்த நிறத்துக்குப் போட்டாய் என்று முதலில் காக்கா கேட்டார். கொஞ்சத் தூரம் போனதும் என் புருஷன் கேட்டார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.